நள்ளிரவு விமானத்துக்குக் கார் பேசுவது எப்படி: திருச்சி விமான நிலையத்துக்குப் போவோருக்கும் வருவோருக்கும்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை, புதுக்கோட்டை, காரைக்குடி ஆகிய ஊர்களில் இருப்பவர்களுக்கு வெளிநாட்டுப் பயணம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது திருச்சி விமான நிலையம்தான். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய், சார்ஜா ஆகிய நகரங்களுக்கு அங்கிருந்து நேரடி விமானங்கள் உண்டு. அவற்றில் பல நள்ளிரவை ஒட்டியோ விடியற்காலையிலோ வந்து போகின்றன. அந்த நேரத்தில் முதியவர்களையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு பேருந்து மாறிப் போவது நடக்காத காரியம் என்பதால், டிரைவரோடு ஒரு வாடகைக் காரைப் பேசிக்கொள்வதே வழக்கம்.

கும்பகோணத்திலிருந்து என் தாயாரைச் சிங்கப்பூருக்கு அனுப்பியபோது நானும் அப்படித்தான் ஒரு காரைப் பேசினேன். குறித்த நேரத்தில் கார் வரவில்லை. அவர் திரும்பி வந்தபோது கார் வந்தது, ஆனால் பெட்டிகள் அதற்குள் அடங்கவில்லை. முடிவில் கையில் கிடைத்த பில், நான் மனக்கணக்குப் போட்டு வைத்திருந்த தொகையைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. மூன்றுமே முன்கூட்டிக் கேட்டிருந்தால் தவிர்த்திருக்கக்கூடியவை. முதன்முறையாக இப்படிக் கார் பேசுகிறவர்கள், கீழே உள்ள வரிசையில் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு போனால் போதும்.

1. தேதியைக் கிழமையோடு எழுத்தில் கொடுங்கள்

என் தாயாரின் டிக்கெட்டில் 12-ஆம் தேதி, புதன்கிழமை, 00:50 என்று இருந்தது. டிராவல்ஸ்காரரிடம் நான் தொலைபேசியில், "12-ஆம் தேதி ராத்திரி ஃபிளைட், சாயங்காலம் ஆறரைக்கு வண்டி வேணும்" என்றேன். அவரும் 12-ஆம் தேதி மாலை ஆறரை என்று தம் நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் எழுதியதில் பிழையில்லை. நான் சொன்னதுதான் பிழை. 12-ஆம் தேதி 00:50 என்பது நம் பேச்சு வழக்கில் செவ்வாய்க்கிழமை ராத்திரி. ஆகவே 11-ஆம் தேதி மாலையே கிளம்பியிருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை ஆறரை மணிக்குப் பெட்டிகளை வாசலில் அடுக்கி வைத்துவிட்டு நான் தொலைபேசியில் அழைத்தபோது, எங்களுக்கென்று ஒதுக்கியிருந்த கார் வேளாங்கண்ணியில் வேறொரு குடும்பத்தோடு நின்றுகொண்டிருந்தது.

ஆகவே 00:00 முதல் 04:00 வரை உள்ள எந்த விமானத்துக்கும் "ராத்திரி" என்ற சொல்லைத் தனியே பயன்படுத்தாதீர்கள். கார் உங்கள் வீட்டு வாசலுக்கு வர வேண்டிய தேதி, கிழமை, நேரம் ஆகிய மூன்றையும் முதலில் சொல்லிவிட்டு, விமானத்தின் தேதியையும் நேரத்தையும் தனி வரியில் சொல்லுங்கள். கிழமையைச் சேர்த்துச் சொன்னால் தவறு பெரும்பாலும் அங்கேயே பிடிபட்டுவிடும். திரும்பி வருகிறவர்களை அழைக்கப் போகும்போதும் இதே குழப்பம் வரும். சிங்கப்பூரில் செவ்வாய் இரவு ஏறுகிறவர் திருச்சியில் இறங்கும்போது சில வேளை புதன்கிழமை பிறந்திருக்கும்.

2. புறப்படும் நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

பன்னாட்டுப் பயணிகளை மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்வது வழக்கம். பல நிறுவனங்கள் விமானம் புறப்படுவதற்கு 60 நிமிடங்களுக்கு முன் கவுண்டரை மூடிவிடுகின்றன. சரியான நேரம் உங்கள் டிக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 00:50 விமானம் என்றால் 21:50-க்கு விமான நிலைய வாசலில் இருக்க வேண்டும். கும்பகோணத்திலிருந்து விமான நிலையம் ஏறத்தாழ 100 கி.மீ.; பாபநாசம், தஞ்சாவூர் வழியாக இரண்டரை மணி நேரம் ஆகும். பஞ்சர், மழை, தேநீர் என்று அரை மணி நேரம் சேர்த்தால் 18:50 ஆகிறது. பெட்டி ஏற்றுவதற்கும் சாமி கும்பிடுவதற்கும் இருபது நிமிடம் தேவை என்பதால் காரை 18:30-க்கு வரச் சொல்ல வேண்டும்.

தஞ்சாவூர் திசையிலிருந்து வருகிறவர்கள் துவாக்குடிக்கும் பால்பண்ணைக்கும் இடைப்பட்ட பகுதியைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். திருவெறும்பூர்ப் பக்கம் மாலை வேளைகளில் நெரிசல் அதிகம். துவாக்குடி அருகே பிரியும் அரைவட்டச் சாலையைப் பிடித்துப் புதுக்கோட்டைச் சாலைக்கு வந்துவிட்டால் நகருக்குள் நுழையாமலே விமான நிலையத்தை அடையலாம். எந்த வழி என்பதை முதலிலேயே டிரைவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ராகு காலத்தையும் பார்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை 4.30 முதல் 6 வரை ராகு காலம். 5 மணிக்குக் கார் வந்து நின்றாலும் ஆறு மணிக்கு முன் யாரும் படியிறங்க மாட்டார்கள், நிற்கும் ஒரு மணி நேரத்துக்கு வெயிட்டிங் கட்டணம் நீங்கள்தான் கொடுப்பீர்கள். காரை நான்கு மணிக்கே வரச்சொல்லிவிடுவது எல்லோருக்கும் நிம்மதி.

3. ஆட்களை எண்ணுவதற்கு முன் பெட்டிகளை எண்ணுங்கள்

"நாலு பேர், செடான் போதும்" என்று சொல்லிவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. வாடகைக்கு ஓடும் செடான் கார்கள் பலவற்றில் இப்போது சிஎன்ஜி எரிவாயு உருளை பொருத்தியிருக்கிறார்கள். அது டிக்கியில்தான் உட்கார்ந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. என் தாயார் திரும்பி வந்தபோது டிக்கியைத் திறந்த டிரைவர் ஒரு பெரிய பெட்டியை மட்டும் எப்படியோ நுழைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். இன்னும் இரண்டு பெட்டிகள் தள்ளுவண்டியில் இருந்தன. காருக்குக் கேரியரும் இல்லை. கடைசியில் முன் இருக்கையில் ஒரு பெட்டியை ஏற்றி அதற்குச் சீட் பெல்ட் போட்டோம்; பின் இருக்கையில் அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் இன்னொன்று; என் தம்பி மத்தியப் பேருந்து நிலையம் போய்ப் பேருந்தில் வந்து சேர்ந்தான்.

ஆகவே பதிவு செய்யும்போது இப்படிக் கேளுங்கள்: வண்டி சிஎன்ஜியா, டிக்கியில் உருளை இருக்கிறதா, மேலே கேரியர் உண்டா, பெட்டிகளைக் கட்டக் கயிறும் மழைக்குத் தார்ப்பாயும் வைத்திருப்பார்களா. இன்னோவா, எர்டிகா போன்ற ஏழு இருக்கை வண்டிகளிலும் ஒரு சூட்சுமம் உண்டு: கடைசி வரிசையில் ஆள் உட்கார்ந்தால் அதற்குப் பின்னால் பெட்டி வைக்க இடம் மிகக் குறைவு. ஏழு பேரும் ஏழு பெட்டியும் ஒரே வண்டியில் போக முடியாது. ஒருவரை வழியனுப்ப ஐந்து பேர் கிளம்பும் வழக்கம் நம்மிடம் இருப்பதால், யார் யார் வருகிறார்கள் என்று வீட்டுக்குள் முடிவு செய்துவிட்டுப் பிறகு காரைப் பேசுவது உத்தமம்.

4. எப்போது, யாரிடம் பதிவு செய்வது

சாதாரண நாட்களில் இரண்டு மூன்று நாட்களுக்கு முன் சொன்னால் போதும். ஆனால் நாட்காட்டியில் முகூர்த்த நாள் என்று போட்டிருந்தால் பத்து நாட்களுக்கு முன்பே சொல்லிவையுங்கள், ஏனெனில் அன்று ஊரில் உள்ள கார்கள் எல்லாம் கல்யாண வீடுகளுக்குப் போயிருக்கும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் பெரிய வண்டிகள் சபரிமலைக்குப் போய்விடும். தீபாவளி, பொங்கல் வாரங்களைச் சொல்லவே வேண்டியதில்லை.

உள்ளூர் டிராவல்ஸ், இணையதளம் அல்லது செயலி என இரண்டு வழிகள் உள்ளன. இணையத்தில் பதிவு செய்தாலும் வருவது பெரும்பாலும் ஏதோ ஓர் உள்ளூர்க்காரரின் வண்டிதான். டிரைவரின் பெயரும் வண்டி எண்ணும் புறப்படுவதற்குச் சில மணி நேரத்துக்கு முன்தான் கைக்கு வரும். அந்த டிரைவர் அழைத்து, "ஆன்லைன்ல கேன்சல் பண்ணிடுங்க, எனக்கு நேரா குடுத்துடுங்க, கம்மியா வரும்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிறகு அவர் வராவிட்டால் கேட்பதற்கு ஆளிருக்காது. என் கருத்தில், நள்ளிரவு விமானத்துக்கு உள்ளூர் டிராவல்ஸ்தான் மேல். ஒரு வண்டி பழுதானால் பக்கத்துத் தெருவிலிருந்து இன்னொன்றை அனுப்ப அவரால் முடியும்.

விமான நிலையத்தில் இறங்கித் திருச்சி நகருக்குள்ளேயே தங்குகிறவர்களுக்கு இந்த முன்பதிவெல்லாம் தேவையில்லை. அங்கேயே டாக்சி கிடைக்கும்.

5. வாடகைக் கணக்கு: நள்ளிரவு தாண்டினால் என்ன ஆகும்

பணம் அதிகம் கரைவது இங்கேதான் என்பதால் இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

வாடகையை மூன்று விதமாகச் சொல்வார்கள். முதலாவது ஒரு வழி, அதாவது ட்ராப். கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்று விளம்பரம் செய்திருப்பார்கள். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் குறைந்தபட்சம் 130 கி.மீ. என்று இருக்கும். கும்பகோணத்திலிருந்து 100 கி.மீ.தான் என்றாலும் 130-க்குத்தான் பணம்: 1,820 ரூபாய். அதனுடன் டிரைவர் பேட்டா, அதாவது அவருடைய படி, 400 ரூபாய் சேர்த்து 2,220, டோல் தனி. தஞ்சாவூரிலிருந்து 60 கி.மீ.க்கும் இதே தொகைதான் வரும் என்பதால் தஞ்சாவூர்க்காரர்களுக்கு இந்த முறை கட்டுப்படியாகாது.

இரண்டாவது, போய்த் திரும்பும் வாடகை. கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் குறைத்து 13 என்பார்கள், ஆனால் ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 250 கி.மீ. ஆக 3,250 ரூபாய், பேட்டாவோடு 3,650. வழியனுப்பியவர்கள் அதே காரில் திரும்ப வேண்டுமானால் இதுதான் வழி. இந்த "ஒரு நாள்" என்ற சொல்லில்தான் நான் மாட்டிக்கொண்டேன். பல டிராவல்ஸ்களில் ஒரு நாள் என்பது 24 மணி நேரம் அல்ல. நாட்காட்டி நாள், அதாவது நள்ளிரவு 12 முதல் அடுத்த நள்ளிரவு 12 வரை. மாலை ஏழு மணிக்குக் கிளம்பி விடியற்காலை மூன்று மணிக்கு வீடு திரும்பினால், ஓடியது 200 கி.மீ.தான் என்றாலும் இரண்டு நாள் கணக்கில் 500 கி.மீ.: 6,500 ரூபாய், இரண்டு நாள் பேட்டா 800, மொத்தம் 7,300. மேலே உள்ள விகிதங்களை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் மாறும், ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது. "ராத்திரி பன்னிரண்டு தாண்டினால் ஒரு நாளா, ரெண்டு நாளா?" என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும். அப்படிக் கேட்டாலே பலர் ஒரு நாள் என்று ஒப்புக்கொள்கிறார்கள். கேட்காதவர்களுக்குத்தான் இரண்டு நாள்.

மூன்றாவது, உள்ளூர் டிராவல்ஸ்காரர்கள் சொல்லும் ஒட்டுமொத்தத் தொகை: "ஏர்போர்ட் போய் வர இவ்வளவு." நூறு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு இதுவே சிக்கனமானது, சண்டையும் குறைவு. ஆனால் அந்தத் தொகையில் டோல், பேட்டா, விமான நிலைய பார்க்கிங், வெயிட்டிங், ஏசி ஆகிய ஐந்தும் அடங்குமா என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "எல்லாம் சேர்த்துத்தான் சார்" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள்.

கிலோமீட்டர் கணக்கில் பேசினால், மீட்டர் எங்கிருந்து ஓடத் தொடங்குகிறது என்பதும் முக்கியம். சிலர் உங்கள் வாசலிலிருந்து எண்ணுவார்கள். சிலர் தங்கள் ஷெட்டிலிருந்து ஷெட் வரை எண்ணுவார்கள். ஷெட் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போகவும் வரவும் முப்பது கிலோமீட்டர் உங்கள் கணக்கில் ஏறும்.

டோல் விஷயத்தில் ஒரு தகவல்: தஞ்சாவூர் சாலையில் வாழவந்தான்கோட்டையிலும், புதுக்கோட்டைச் சாலையில் லெட்சுமணப்பட்டியிலும் சுங்கச்சாவடிகள் உள்ளன. தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் இரு வழிக்கும் சேர்த்து ஒரு வழிக் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்குதான். டிரைவர் இரு மடங்கு கேட்டால், ஃபாஸ்டேக் குறுஞ்செய்தியைக் காட்டச் சொல்லுங்கள். ஃபாஸ்டேக்கில் பணமில்லாமல் யுபிஐ வழியாகக் கட்டினால், 2025 நவம்பர் 15 முதல் ஒன்றேகால் மடங்கு வசூலிக்கிறார்கள். அந்தக் கூடுதல் தொகை வண்டிக்காரருடைய பொறுப்பு, உங்களுடையது அல்ல.

6. வண்டியின் ஆவணங்கள்

வாடகைக்கு ஓடும் வண்டியின் எண் பலகை மஞ்சள் நிறத்தில் கறுப்பு எழுத்துகளோடு இருக்கும். மின்சார வண்டியானால் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை வண்டியைக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சொந்த உபயோகத்துக்கு எடுத்த காப்பீடு வாடகை ஓட்டத்துக்குப் பொருந்தாது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுக்க மறுப்பதற்கு அதுவே காரணமாகிவிடும். வழியில் சோதனையில் வண்டியை நிறுத்தி வைத்தால் விமானமும் போய்விடும். முதல் நாள் கார் வராமல் தவித்தபோது நான் அப்படி ஒரு வெள்ளைப் பலகை வண்டியில்தான் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். துவாக்குடி தாண்டும் வரை எதிரே காக்கிச் சட்டை தெரிந்தாலே வயிறு கலங்கியது.

வண்டி எண் கைக்கு வந்ததும் எம்பரிவாகன் செயலியில் அதைப் போட்டுப் பாருங்கள். தகுதிச் சான்று, காப்பீடு, மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று ஆகியவை எந்தத் தேதி வரை செல்லும் என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். கொச்சிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போவதானால் வேற்று மாநிலத்துக்குள் செல்லும் பெர்மிட் இருக்கிறதா, அதற்கான செலவு யாருடையது என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கத்து ஆவணங்கள் இரண்டுதான்: டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும். இவை இல்லாமல் வாசலில் உள்ள பாதுகாப்புப் படையினர் உள்ளே விட மாட்டார்கள் என்பதால், டிக்கியில் ஏற்றிய பெட்டிக்குள் வைக்காமல் கையில் வைத்திருங்கள்.

7. பேசியதை ஒரு செய்தியாக அனுப்புங்கள்

தொலைபேசியில் பேசி முடித்ததும் வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி அனுப்பி, "சரி" என்ற பதில் வரும்வரை விடாதீர்கள்:

"கார் வீட்டுக்கு வர வேண்டிய நாள்: 11-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை 6.30. விமானம்: 12-ஆம் தேதி, புதன், 00:50. கும்பகோணம் முதல் திருச்சி விமான நிலையப் புதிய டெர்மினல் வரை, போய்த் திரும்ப. நான்கு பேர், பெரிய பெட்டி மூன்று. ஏசி, கேரியர் உள்ள மஞ்சள் பலகை வண்டி. மொத்த வாடகை இவ்வளவு. பேட்டா, டோல், பார்க்கிங் அடங்கும். நள்ளிரவு தாண்டினாலும் ஒரு நாள் கணக்கு. அட்வான்ஸ் 500 ரூபாய் அனுப்பியுள்ளேன். விமானம் ரத்தானால் அட்வான்ஸ் திரும்ப."

கிளம்பும் நாளன்று காலையில் டிரைவரை நேரே அழைத்துப் பேசுங்கள். முந்தைய இரவு எங்கே வண்டி ஓட்டினார், தூங்கினாரா என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. இரவெல்லாம் ஓட்டிவிட்டு வந்தவர் என்று தெரிந்தால் வேறு டிரைவரை அனுப்பச் சொல்லுங்கள். திரும்பும் பயணம் பின்னிரவு இரண்டு மணிக்கு என்பதை நினைவில் வையுங்கள்.

8. வந்து இறங்குகிறவர்களுக்கு

முதலில் டிரைவருக்கு விமான எண்ணைக் கொடுங்கள். விமானம் தாமதமானால் அவரே பார்த்துக்கொண்டு வருவார். விமானம் தரையிறங்கியதிலிருந்து வெளியே வருவதற்குக் குடிநுழைவு, பெட்டி, சுங்கச் சோதனை எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகலாம். கூட்டமான வேளைகளில் ஒன்றரை மணி நேரமும் ஆகும். வெயிட்டிங் கட்டணம் எப்போது தொடங்கும், தரையிறங்கிய நேரத்திலிருந்தா, அதற்கு ஒரு மணி நேரம் கழித்தா என்பதை முன்பே பேசிவையுங்கள்.

புதிய முனையம் 2024 ஜூன் 11 முதல் இயங்கி வருகிறது. பழைய கட்டடத்தையே மனத்தில் வைத்திருக்கும் டிரைவர்கள் இன்னும் உண்டு என்பதால், "புதிய டெர்மினல், வருகை வாசல்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். பெட்டிகளை எடுத்து வெளியே வந்த பிறகு அழைத்தால் போதும், அதுவரை பார்க்கிங்கில் இருங்கள் என்று சொல்லிவையுங்கள். வாசலில் காத்திருக்க விட மாட்டார்கள்.

வெளிநாட்டிலிருந்து முதன்முறை வருகிறவர்களுக்கு இன்னொரு தடை: கைபேசி. செயலிகள் இந்திய எண்ணுக்கு ஓடிபி அனுப்பும், உங்கள் வெளிநாட்டு சிம் வேலை செய்யாமலும் போகலாம். ஆகவே உள்ளூரில் உள்ள ஓர் உறவினரின் எண்ணில் பதிவு செய்யச் சொல்லிவிட்டு, டிரைவரின் எண்ணையும் வண்டி எண்ணையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வாசலில், "சார் கும்பகோணமா?" என்று கேட்டு வருகிற எல்லோரும் உங்கள் டிரைவர் அல்ல. பெயரை நீங்கள் சொல்லாமல், யாரை அழைக்க வந்திருக்கிறார் என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள்.

9. பணம் கொடுக்கும்போது

ஏறும்போது ஓடோமீட்டரை ஒரு படம் எடுங்கள், இறங்கும்போது இன்னொன்று. ட்ரிப் ஷீட்டில் கிளம்பிய நேரமும் முடிந்த நேரமும் எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். வெறும் தாளில் போட்டுக் கொடுத்தால் பிறகு என்ன எழுதுவார்கள் என்று சொல்ல முடியாது. அலுவலகத்தில் காட்ட பில் வேண்டுமானால் ஜிஎஸ்டி பில் என்று முன்பே கேளுங்கள், வழக்கமாக 5 விழுக்காடு வரி சேரும். விடியற்காலை மூன்று மணிக்கு யுபிஐ வேலை செய்யாமல் நின்ற அனுபவம் எனக்கு உண்டு, ஆகவே வாடகைக்கான ரொக்கத்தைச் சில்லறையோடு தனியே வைத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுப்பதற்கு முன் டிக்கியையும் முன் இருக்கைக்கு அடியையும் கைபேசி வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். என் தாயாரின் மூக்குக்கண்ணாடி அங்கேதான் கிடந்தது.